லென்ஸா, டிஎன்ஏவா: தோலைப் பார்த்து இனம் கண்டுபிடிக்க எது உதவும்?

பெரம்பூரில் அத்தை வீட்டுப் பீரோவை ஒழித்தபோது 1960களின் கைப்பை ஒன்று கிடைத்தது. பாம்புத் தோல் என்றார் அத்தை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்தேன். பாம்புச் செதிலின் பின் ஓரம் பெரும்பாலும் தனித்து நிற்கும், நகம் அடியில் நுழையும். இங்கே நுழையவில்லை. மாட்டுத் தோலில் போட்ட அச்சோ என்றால், மயிர்க்கால் துளைகளும் இல்லை. மணி போன்ற நீள்வட்டமான ஒவ்வொரு செதிலையும் சுற்றிப் பொடிப்பொடியாய் ஒரு வளையம். உடும்பு!

லென்ஸின் பலம் இதுதான். செலவில்லை, தோலை வெட்ட வேண்டாம். முதலையின் வயிற்றுச் செதில் ஒவ்வொன்றிலும் பின் ஓரத்தருகே ஒரு சின்னக் குழி இருக்கும். முதலைக்கு உறவான அலிகேட்டருக்கு வயிற்றில் அது கிடையாது. முழுத் தோலாகக் கிடைத்தால் உடல் நடுவே செதில் வரிசைகளை எண்ணலாம்: சாரைக்கு 17, மலைப்பாம்புக்கு 60க்கு மேல்கூட வரும். ஆனால் வாட்ச் பட்டையாக நறுக்கிவிட்டால் எதை எண்ணுவது? சாயம் ஏற்றிவிட்டால் நிறமும் போச்சு. என் பையிலும் அதே கதை. உடும்பு என்பது வரை சரி, அப்புறம் எந்த உடும்பு?

அங்கேதான் டிஎன்ஏ. ஆனால் அதை மந்திரக்கோலாக நினைக்காதீர்கள். பதனிடும்போது சுண்ணாம்பு, அமிலம், குரோம் உப்பு எல்லாம் பட்ட தோலில் டிஎன்ஏ துண்டு துண்டாகிக் கிடக்கும். அதனால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் குட்டித் துண்டுகளைத் தேடுகிறார்கள்; ஒரு செல்லில் அதற்கு நிறைய பிரதிகள் உண்டு. கிடைத்தாலும் அது தாயிடமிருந்து மட்டுமே வருவதால் தாய்வழியை மட்டுமே சொல்லும். ஆசியப் பண்ணைகளில் சயாம் முதலையையும் உவர்நீர் முதலையையும் கலந்து வளர்ப்பதுண்டு. அந்தக் கலப்பில் தகப்பன் யாரென்று இந்தச் சோதனைக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் லென்ஸ்தான் முதலில். வழக்கு என்று வரும்போது, அல்லது துண்டு மிகச் சிறியதாக இருக்கும்போது, ஆய்வகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு இருப்பது அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில். ஆகவே பையை ஆன்லைனில் விற்கலாம் என்ற தம்பியின் யோசனையை அங்கேயே நிறுத்தினேன். பாலிஷும் போடவில்லை. மாதிரி எடுக்க நேர்ந்தால் சாயம் அதிகம் ஏறாத உள்மடிப்புதான் நல்ல இடம். அங்கே உள்ள தையலைப் பிரிக்காமல், அப்படியே வனத்துறையிடம் ஒப்படைத்தோம்.