ஒதெல்லோவா அட்டாக்ஸா? காய் திருப்புற ரெண்டு கேம்

ரெண்டு பேர் உக்காந்து சட்டுனு ஒரு ஆட்டம் போடணும்னா நான் மாத்தி மாத்தி எடுக்கிறது இந்த ரெண்டுதான், ரெண்டுலயும் எதிராளி காயைத் திருப்பி நம்ம கலருக்கு மாத்தணும், கடைசில யார் கலர் அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க, ஆனா ஆடிப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.

ஒதெல்லோ 8க்கு 8 போர்டு. நடுவுல நாலு காய் குறுக்கும் மறுக்குமா வச்சு ஆரம்பிக்கணும், கறுப்பு முதல்ல. நாம வைக்கிற காய்க்கும் ஏற்கனவே இருக்கிற நம்ம காய்க்கும் நடுவுல எதிராளி காய் வரிசையா மாட்டினா எல்லாம் திரும்பிடும், நேரா குறுக்கா எட்டு திசையிலயும். ஒண்ணாவது திரும்பணும், இல்லன்னா அங்க வைக்க முடியாது, வைக்க இடமே இல்லன்னா பாஸ். புதுசா ஆடுறவங்க பண்ற தப்பு, திரும்பின காய் இன்னொண்ணைத் திருப்பும்னு நினைக்கிறது. திருப்பாது, இப்ப வச்ச காயிலிருந்து மட்டும்தான் கணக்கு.

இன்னொரு தப்பு, ஆரம்பத்துலயே நிறைய காய் அள்ளுறது. அள்ள அள்ள எதிராளிக்குத்தான் வைக்க இடம் கூடும், நமக்குக் குறையும், கடைசில மூலைக்குக் குறுக்கா ஒட்டின கட்டத்துலதான் வச்சாகணும்னு ஆயிடும், அதோட மூலை போச்சு. மூலைக் காயை யாராலயும் நடுவுல மாட்ட முடியாதே! அதனால முதல் பாதில கம்மியா வச்சிருக்கவன்தான் பெரும்பாலும் நல்லா ஆடுறான்.

அட்டாக்ஸ் 1990ல வந்த ஆர்கேட் கேம், 7க்கு 7. எதிரெதிர் மூலைல ஆளுக்கு ரெண்டு காய். பக்கத்துக் கட்டத்துக்குப் போனா காய் ரெண்டாகும், ரெண்டாவது கட்டத்துக்குக் குதிச்சா பழைய இடம் காலியாயிடும். போய் இறங்கின இடத்தைச் சுத்தி ஒட்டியிருக்கிற எதிராளி காய் அத்தனையும் நம்ம கலர். வரிசை பாக்க வேண்டியதே இல்ல, அதனால குட்டிப் பசங்களுக்குக்கூட ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும். இதுல மூலைக்குப் பெரிய மரியாதை கிடையாது, ஓட்டைதான் பிரச்சினை. நம்ம கூட்டத்து நடுவுல ஒரு கட்டம் காலியா விட்டா எதிராளி குதிச்சு வந்து ஒரே அடில எட்டு வரைக்கும் திருப்பிடுவான்.

ஒதெல்லோ செட்ல 64 காய் இருக்கும், அட்டாக்ஸுக்கு 49 கட்டம்தான், ஸோ மேல ஒரு ஓர வரிசையையும் பக்கவாட்டுல ஒரு ஓர வரிசையையும் விட்டுட்டா அதே போர்டுலயே ஆடலாம்.

என் சாய்ஸ் ஒதெல்லோதான். நேரம் கம்மின்னா 6க்கு 6ல ஆடுவேன், 32 மூவ்ல முடிஞ்சிடும். அதை கம்ப்யூட்டர் 1993லயே தீர்த்தாச்சு, ரெண்டு பேரும் தப்பே பண்ணாம ஆடினா ரெண்டாவதா ஆடுறவருக்கு 20-16. எதிர்ல உக்காந்திருக்கிறவர் என்னைக்கும் அப்படி ஆடினதில்ல, நானும்தான்.