மண்டபத்து முகாமில் வாங்கிய சவுனா போர்வை: அம்மாவின் குதிகால் வெந்த கதை

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், இன்ஃப்ராரெட் சவுனா போர்வை (கரண்ட்டில் சூடாகி உடம்பை வேர்க்க வைக்கும் பை) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் அம்மாவின் குதிகால் புண் ஆற ஏழு வாரம் ஆனது.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 64 வயது. சத்துணவுக் கூடத்தில் வருடக்கணக்காக நின்றே சமைத்துத் தேய்ந்த முழங்கால். 12 வருடமாகச் சர்க்கரை. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு அப்பா கணக்கில் பணம் ஏறிய வாரம் அது. டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச வலி நிவாரண முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நெல் பணம் கைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பத்து நாள் ஒரு பைசா வாங்கவில்லை. காலையில் போனால் டோக்கன், சுக்குக் காபி, அப்புறம் அரை மணி நேரம் போர்வைக்குள் படுக்க வேண்டும். தூங்கும் பை மாதிரி இருக்கும்; கழுத்து வரை ஜிப் போட்டு மூடிவிடுவார்கள். அங்கிருந்த பையன் அம்மாவிடம் தினமும், "வாங்கம்மா, ராத்திரி தூங்கினீங்களா? முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்பான். வீட்டில் நாங்கள் யாரும் அப்படித் தினமும் கேட்டதில்லை. அம்மா அந்தப் பேச்சுக்காகவே போனார்கள் என்று இப்போது புரிகிறது.

சூட்டில் படுத்தால் கொஞ்ச நேரம் வலி குறைவது உண்மை. வெந்நீர் ஒத்தடத்திலும் அப்படித்தான் குறையும். ஆனால் அவர்கள் சொன்னது வேறு. கதிர் இரண்டு அங்குலம் உள்ளே இறங்கி எலும்பைத் தொடுமாம், நஞ்செல்லாம் வேர்வையாக வெளியேறுமாம், மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கலாமாம். இந்தப் போர்வைகளிலிருந்து வரும் தூர அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியைத் தோலின் மேலடுக்கில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் நீரே உறிஞ்சிவிடும். வேர்வை என்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். கழிவைப் பிரிப்பது கல்லீரலும் சிறுநீரகமும். படுத்து எழுந்ததும் எடை குறைந்திருப்பதும் தண்ணீர்தான். இரண்டு சொம்பு குடித்தால் திரும்ப ஏறிவிடும்.

பதினோராவது நாள் விற்பனை. 62,000 ரூபாய்ப் பொருள், முகாம் விலை 38,500, இன்றைக்கு மட்டும். அப்பா ஜிபேயில் போட்டுவிட்டார். அத்தனை நாளில் ஒருவர்கூட அம்மாவிடம், "சர்க்கரை இருக்கா, கால் மரத்துப்போகுமா?" என்று கேட்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

வாங்கிய எட்டாவது நாள் சாயங்காலம். நான் கொல்லையில் இருந்தேன். அம்மா எழுந்து சமையலறைக்கு நடந்துபோன தரையில் ஈரத் தடம் தெரிந்தது. வேர்வை என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் இடது குதிகாலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொப்புளம் எழும்பி உடைந்து, தோல் வெள்ளையாகத் தொங்குகிறது. "வலிக்கலையாம்மா?" என்றேன். "எதுடி?" என்று திரும்பிக் கேட்டார்கள்.

டாக்டர் மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் ஊன்றி ஊன்றிக் கேட்டார். பத்து இடத்தில் மூன்று இடத்தில்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. சர்க்கரையில் நரம்பு கெட்ட காலுக்குச் சுடுவது தெரியாது, தெரிந்தால்தானே காலை இழுத்துக்கொள்வார்கள் என்றார். தொட்டால் இதமாகத் தெரியும் 44 டிகிரி சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோலை வேக வைத்துவிடுமாம். சூடு ஏற ஏற நேரமும் குறைந்துகொண்டே வரும். இந்தப் போர்வைகளோ 70, 80 டிகிரி வரை வைக்கலாம் என்று சொல்லியே விற்கப்படுகின்றன.

தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. கால் பக்கம் மடிப்பு விழுந்த இடத்தில் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அங்கே மட்டும் கை வைக்க முடியாத சூடு. டைமர் முடிந்து பீப் அடித்தது, ஆனால் சூடு நிற்கவே இல்லை. வேர்வையில் நனைந்து படுக்கிற சாமானை இப்படிச் செய்து விற்றிருக்கிறார்கள்.

மண்டபத்துக்குப் போனோம். காலி. போன் சுவிட்ச் ஆஃப். அவர்கள் கொடுத்த பில்லை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மேலே எஸ்டிமேட் என்று அச்சடித்த தாள். ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை, ஐந்து வருட வாரண்டி என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும். பெட்டியிலும் இறக்குமதி செய்தவர் பெயர், எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி எதுவுமே இல்லை. இவையெல்லாம் பெட்டியில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாமே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிராளியின் முகவரி வேண்டுமே. அதனால்தான் சொல்கிறேன், முகவரி இல்லாத பில்லை வாங்கவே வாங்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், எர்த் உள்ள மூன்று முள் பிளக், தானாக நிற்கும் டைமர், சூடு மீறினால் அணைக்கும் கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே முழு நேரம் ஓடவிட்டு, மடிப்பில் கை வைத்துப் பாருங்கள். சர்க்கரையால் கால் மரத்தவர்கள், இதய நோயாளிகள், பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இதில் படுக்கவே கூடாது.

அம்மாவின் முட்டிக்கு இப்போது மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி தொடைக்குப் பயிற்சி சொல்லித் தருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். செலவில்லை. வாசல் படியை இப்போது சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறார்கள்.

அதே மண்டபத்தில் எங்களோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் அந்தத் தாளையும், பெட்டியையும், ஜிபேயில் பணம் போன பெயர் தெரிகிற பக்கத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். வாடகைக்கு எடுத்தவர் யார் என்று மண்டபக்காரரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பெயர் கிடைத்ததும் சேர்ந்தே வழக்குப் போடலாம்.