முடிவு தெரிந்த கதையில் என்ன த்ரில்? ராபர்ட் ஹாரிஸோடு இருபது வருடம்

சென்ட்ரல் பக்கத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய் கொடுத்து ‘ஃபாதர்லேண்ட்’ வாங்கினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் பேரம்கூடப் பேசவில்லை. அட்டை கிழிந்த பிரதி. முதல் இருபது பக்கங்களில் யாரோ கஷ்டமான வார்த்தைகளுக்குப் பென்சிலில் அர்த்தம் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் பென்சிலே இல்லை. ஒன்று, அந்தப் புண்ணியவான் படிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லை, அகராதி பார்க்கப் பொறுமையில்லாமல் கதை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். எனக்கு நடந்தது இரண்டாவது.

அதிலிருந்து, அதை எழுதிய பிரிட்டிஷ் நாவலாசிரியர் ராபர்ட் ஹாரிஸின் நாவல் எது வந்தாலும் படித்துவிடுகிறேன். சிலவற்றை மூன்று முறைகூட. வீட்டிலும் ஆபீஸிலும் இரண்டு மூன்று பேருக்குத் தொற்றவும் வைத்திருக்கிறேன். எது நல்லது, எது சொதப்பல் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போனதில்லை.

‘ஃபாதர்லேண்ட்’ 1992-இல் வந்தது. போரில் ஹிட்லர் ஜெயித்துவிட்ட உலகம். 1964 ஏப்ரலில் அவருடைய 75-வது பிறந்தநாளுக்கு பெர்லின் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஏரிக்கரையில் ஒரு கிழவரின் பிணம். விசாரிக்க வருபவர் மார்ச் என்ற போலீஸ் அதிகாரி. ஓரிடத்தில் இவர் மகனோடு டூரிஸ்ட் பஸ்ஸில் ஊரைச் சுற்றுகிறார். ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஸ்பியரின் வரைபடத்தோடு நின்றுபோன அந்த ராட்சச மண்டபம் கதையில் கட்டி முடிக்கப்பட்டு நிற்கிறது. உள்ளே கூடும் ஜனங்களின் மூச்சுக்காற்று கூரைக்குப் போய் மேகமாகி மழையாகத் தூறும் என்று வழிகாட்டி பெருமையடிக்கிறார். பாசிசம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த ஒரு தூறலுக்கு ஈடாகாது.

செத்த கிழவர் பூலர் நிஜமான ஆள். 1942 ஜனவரி 20 அன்று வான்சேயில் யூத இனத்தை அழிப்பதற்காகக் கூடிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். யூதர்கள் எங்கே போனார்கள் என்று மார்ச்சுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. கொலைகாரன் யார் என்பதெல்லாம் பாதியிலேயே மறந்துபோகும்.

ஹாரிஸின் பலமே இதுதான் என்று எனக்குப் புரியவே பல வருடமாயிற்று. நமக்கு முன்கூட்டியே முடிவு தெரிந்த கதையில் மனிதர் ராஜா. முடிவை மறைத்து வைத்து ஆட்டம் காட்டும்போதுதான் சறுக்குகிறார்.

அவருடைய ஆகச்சிறந்த நாவலாக நான் சொல்வது 2013-இல் வந்த ‘அன் ஆபீசர் அண்ட் எ ஸ்பை’. ஜெர்மனிக்கு உளவு பார்த்ததாகத் தண்டிக்கப்பட்ட பிரெஞ்சு இராணுவ அதிகாரி, யூதரான டிரைஃபஸின் வழக்கு. நிரபராதி என்று வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கிறது, இதில் சஸ்பென்ஸுக்கு எங்கே இடம்? 1895 ஜனவரி 5, பாரிஸ் இராணுவப் பள்ளி மைதானம். டிரைஃபஸின் சட்டையிலிருந்து பட்டைகளைப் பிய்த்து எறிகிறார்கள், வாளை ஒடிக்கிறார்கள். வேடிக்கை பார்த்து நிற்கும் மேஜர் பிக்காருக்குத் துளி இரக்கமில்லை. யூதர்கள் என்றால் அவருக்கும் அன்றைய அதிகாரிகளுக்கிருந்த அதே இளக்காரம்தான். கொஞ்ச நாளில் அவரையே உளவுப் பிரிவுக்குத் தலைவராக்குகிறார்கள். ஜெர்மன் தூதரகத்தில் கூட்டிப் பெருக்கும் பெண்மணி அங்கிருந்து குப்பைக்கூடைக் காகிதங்களை எடுத்து வந்து கொடுப்பார். கிழிந்த துண்டுகளை மேசையில் பரப்பி ஒட்டுவார்கள். அப்படி ஒட்டிய ஒன்றில் எஸ்டர்ஹாசி என்று ஒரு பெயர். பிறகு அந்த ஆளின் விண்ணப்பக் கடிதம் கைக்கு வருகிறது. டிரைஃபஸைத் தீவுச் சிறைக்கு அனுப்பிய ஆவணத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் பிக்கார். ஒரே கையெழுத்து.

இந்தக் காட்சியை மூன்றாவது முறை படித்தபோதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மை நமக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது. இனி மேலதிகாரிகளிடம் அதை எப்படிச் சொல்லப் போகிறார்? சொல்கிறார். வாயை மூடிக்கொண்டிரு என்கிறார்கள். அப்புறம் துனிசியாவுக்குத் தூக்கி அடிக்கிறார்கள். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்த யாரும் அந்த அத்தியாயங்களைப் பெருமூச்சு விடாமல் படிக்க முடியாது.

‘பாம்பெய்’ எனக்கு இரண்டாமிடம். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடிக்கப்போகிறது என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும். கதாநாயகன் வீரனோ இளவரசனோ அல்ல. கால்வாயைப் பராமரிக்கும் பொறியாளர். ஒரு பணக்காரரின் குளத்தில் மீன்கள் செத்து மிதக்கின்றன, தண்ணீரில் கந்தக நாற்றம், நீர்வரத்து குறைகிறது. கால்வாயின் சரிவு கூடினால் சுவர் அரித்துவிடும், குறைந்தால் தண்ணீர் தேங்கிவிடும் என்பதையெல்லாம் படித்தபின் எங்கள் தெருக் குழாயில் வரும் தண்ணீர்மேல்கூட ஒரு மரியாதை வந்தது. காதல் பகுதி மட்டும் ஒட்ட வைத்த மாதிரி இருக்கும். பொதுவாகவே ஹாரிஸுக்குப் பெண் பாத்திரங்கள் அவ்வளவாகக் கைவருவதில்லை. என் மனைவியின் நிரந்தரப் புகாரே அதுதான், நியாயமான புகார்.

பழைய ரோமின் வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான சிசரோவைப் பற்றிய மூன்று நாவல்களில் ‘இம்பீரியம்’தான் உச்சம். கதை சொல்வது சிசரோவின் அடிமையும் செயலாளருமான டைரோ, சுருக்கெழுத்துக்கு முன்னோடி. ஷார்ட்ஹேண்டில் ஹையர் பாஸ் செய்த என் அம்மாவிடம் கதையைச் சொன்னேன். வெர்ரஸ் என்ற கவர்னர் சிசிலியைச் சுரண்டியது, சிசரோ நீண்ட உரையை விட்டுவிட்டு நேரே சாட்சிகளைக் கூப்பிட்டு மடக்கியது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிடா, நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை எடுப்பானாம்?” என்றார். கடைசி நாவலான ‘டிக்டேட்டர்’ பதினைந்து வருட வரலாற்றை ஒரே மூச்சில் சொல்ல ஓடுவதில் மூச்சு வாங்குகிறது.

இனி சறுக்கல்கள். என் பட்டியலில் கடைசி இடம் ‘தி செகண்ட் ஸ்லீப்’புக்கு. 1468 என்று தொடங்கி, ஒரு பாதிரியார் கிராமத்துக்குப் போய், கொஞ்ச நேரத்திலேயே நம் காலடியிலிருந்து தரையை உருவுகிறது. பிரமாதமான உருவல். அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லையோ என்னவோ, கடைசிப் பக்கம் கிழிந்துபோய்விட்டதா என்று தடவிப் பார்த்தேன். மனைவிக்கு அதுதான் மிகப் பிடித்தது. ‘தி ஃபியர் இண்டெக்ஸ்’ பங்குச்சந்தை மென்பொருள் பற்றியது. விமான நிலையத்தில் படிக்கலாம், இறங்கியதும் மறந்துவிடலாம்.

என் கணக்கு பொய்க்கும் இடமும் உண்டு. ‘மியூனிக்’கில் முடிவு எல்லோருக்கும் தெரியும்: 1938-இல் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு வருவார். ஆனாலும் சப்பென்று இருக்கிறது. பிக்காரிடம் ஓர் ஆவணம் இருந்தது, பொறியாளரிடம் ஒரு கால்வாய் இருந்தது. இதில் வரும் இளம் அதிகாரிகள் கடைசிவரை பெரியவர்களின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். மறுபக்கம், போப் தேர்தலைப் பற்றிய ‘கான்க்ளேவ்’ திருப்பத்தை நம்பியே எழுதியது, அதுவும் ஓடுகிறது. படம் பார்த்துவிட்டுப் படித்த ஆபீஸ் நண்பர் இதையே முதலிடத்தில் வைக்கிறார். எனக்கு அந்தக் கடைசித் திருப்பம் உறுத்தியது, ஓட்டு எண்ணும் காட்சிகள் பிடித்தன.

2024-இல் வந்த ‘பிரெசிபிஸ்’ஸில் பழைய ஹாரிஸ் திரும்பிவிட்டார். முதல் உலகப்போர் தொடங்கும் நேரத்தில் பிரிட்டிஷ் பிரதமர் ஆஸ்குவித் தன் காதலிக்கு இராணுவ ரகசியங்களை எழுதிக்கொண்டிருக்கிறார்; படித்த தந்திகளைக் கசக்கிக் கார் ஜன்னல் வழியே வீசுகிறார். அவர் கடிதங்கள் அசல், அவளுடையவை மிஞ்சவில்லை என்பதால் ஹாரிஸ் எழுதியவை. இந்த ஒரு தடவை பெண் பாத்திரம் உயிரோடு இருக்கிறது.

சொல்ல நினைத்ததில் ‘ஆர்க்ஏஞ்சல்’ மட்டும் பாக்கி. ஸ்டாலின் பக்கவாதம் வந்து விழுந்த இரவை ஒரு கிழட்டு மெய்க்காவலர் விவரிக்கும் தொடக்கம் ஹாரிஸ் எழுதியதிலேயே சிறந்த பக்கங்களில் சேரும். பிற்பாதியில் கதை வடக்கே பனிக்காட்டுக்குள் போகிறது. அங்கே அது என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். போன வாரம் ஆபீஸ் நண்பர் என் பிரதியை வாங்கிப் போனார். முதல் மூன்று நாள் தினமும் ராத்திரி போன் செய்து, “என்னய்யா எழுத்து இது!” என்றார். முந்தாநாளிலிருந்து போன் இல்லை. காட்டுக்குள் போய்விட்டார் போல.