8 டாலர் டிஸ்போசல் ரென்ச்: வாங்கலாமா?

டாலஸில் எங்கள் வீட்டுச் சிங்க்கின் அடியில் இருந்த, உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் தள்ளும் பழைய டிஸ்போசல் மெஷினைப் போன சனிக்கிழமை நானே கழற்றினேன். பிளம்பர் கூலி மட்டும் 250 டாலர் கேட்டார், வேறு வழியில்லை. அதற்கென்றே ஹார்டுவேர் கடையில் வாங்கிய ரென்ச்சைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வேலையைச் செய்தது கூட வாங்கிய மற்ற சாமான்கள்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. மெஷின் சுற்றாமல் உறுமினால் உடனே கழற்றக் கிளம்பாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடிப்பக்கம் பாருங்கள், பல மாடல்களில் நடுவில் ஒரு சின்னத் துளை இருக்கும், கால் அங்குல ஆலன் கீயை (ஆறு பக்கக் கம்பிச் சாவி) அதில் விட்டு இப்படியும் அப்படியும் திருப்பினால் சிக்கியது விடுபடும், அப்புறம் அங்கேயே இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் ஓடிவிடும். முருங்கைக்காய்ச் சக்கை எங்கள் வீட்டில் இரண்டு முறை அப்படித்தான் வெளியே வந்தது (போட்டது நான்தான், இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்). ஆனால் மெஷினின் அடிவயிற்றிலிருந்தே தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போயிருக்கும், மாற்றிவிடுவதுதான் லாபம். எங்களுடையது அந்தக் கேஸ்.

சரி, ரென்ச். ஒரு சாண் நீளத்துக்கு வளைத்த கம்பி, அவ்வளவுதான். சிங்க்கின் கழுத்தில் மெஷினைப் பிடித்திருக்கும் வளையத்தில் மூன்று காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஒன்றுக்குள் நுனியைச் செருகித் திருப்ப வேண்டும். புது வளையம் என்றால் சுலபமாகத் திரும்பும். பன்னிரண்டு வருடத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய வளையத்திடம் இந்தக் கம்பி பலிக்கவில்லை, பிடி நீளம் போதவில்லை, மூன்றாவது இழுப்பில் வழுக்கி என் விரல் முட்டியைப் பேஸினில் இடித்ததுதான் மிச்சம். கடைசியில் நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரைக் காதில் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, ஒரு கிறீச் சத்தத்தோடு அசைந்தது.

அசைந்த அந்த நொடிதான் ஆபத்து. ஆறேழு கிலோ இரும்பு, மல்லாந்து படுத்திருக்கும் உங்கள் முகத்துக்கு நேரே தொங்குகிறது. நான் முன்னாடியே பெயின்ட் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பழைய புத்தகங்களை மெஷினின் அடியைத் தொடும் வரை அடுக்கியிருந்தேன். கார் ஜாக்கி வைப்பவர்களும் உண்டு. இன்னொரு வாளி குழாய்க்கு. வளைந்த குழாயின் நட்டை சேனல் லாக்கால் (வாயை அகலப்படுத்திக்கொள்ளும் பெரிய இடுக்கி) தளர்த்தி, டிஷ்வாஷர் ஹோஸின் கிளாம்ப்பையும் எடுத்து, தண்ணீர் எல்லாம் வடிந்துவிட்டது என்று நம்பி மெஷினைச் சாய்த்தேன், உள்ளே தங்கியிருந்த சாம்பல் நிறத் தண்ணீர் கறிவேப்பிலைக் காம்புகளோடு சட்டைக் கைக்குள் இறங்கியது. நாற்றத்தைச் சொல்ல மாட்டேன். பழைய துண்டு நாலைந்து கையருகே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதில் உருப்படியானது 20 டாலர் டெஸ்டர் பேனாதான். சுவர் ஸ்விட்ச்சை மட்டும் நம்பக் கூடாது, யாராவது பழக்க தோஷத்தில் தட்டிவிடுவார்கள். பிரேக்கரை இறக்கி, பேனாவை முதலில் மின்சாரம் உள்ள வேறொரு பிளக்கில் காட்டி அது கத்துகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மெஷினின் வயர்களில் காட்டினேன். சத்தமில்லை. அதன்பிறகுதான் வயர்களை இணைத்து மூடியிருக்கும் வயர் நட்டில் கை வைத்தேன்.

பேனாவுக்கு ஐந்து நட்சத்திரம், சேனல் லாக்குக்கு நாலு, ரென்ச்சுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிக்கொண்டேன்: புது மெஷின் பெட்டியைப் பிரித்தால் உள்ளே அதே கம்பி, இலவசமாக. என்னுடையதன் நுனி தேய்ந்துவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.