பீத்தோவனின் ‘பத்தெடிக்’ சொனாட்டா: ஹென்லே ஊர்டெக்ஸ்ட் பதிப்பு

1799-இல் வெளியான இந்த சி மைனர் பியானோ சொனாட்டாவைக் கற்க, ஜெர்மன் பதிப்பகமான ஹென்லேயின் இந்தப் பதிப்பைத் தயங்காமல் வாங்கலாம். பீத்தோவன் இதில் பெடல் குறியோ வேகத்தைச் சொல்லும் மெட்ரோனோம் எண்ணோ எழுதவில்லை. ஊர்டெக்ஸ்ட், அதாவது இசையமைப்பாளரின் மூலத்தையே தரும் பதிப்பு என்பதால், பிறர் சேர்த்த அத்தகைய குறிகளும் இல்லை. பெடல் உங்கள் பொறுப்பு. மெதுவான கிராவே பகுதியில் கார்டுக்குக் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பெடலை மாற்றாவிட்டால் பாஸ் (கீழ் ஸ்வரங்கள்) கலங்கிவிடும்.

விரல் எண்கள் உண்டு. ஆனால் வேகமான அலெக்ரோ பகுதியில் இடது கை வாசிக்கும் ஆக்டேவ் ட்ரெமலோவுக்கு (ஒரே ஸ்வரத்தின் கீழ், மேல் கட்டைகளை மாறி மாறி விரைவாக அடிப்பது) எண் உதவாது. விரல்களைத் தூக்கி அடித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் முன்கை இறுகும். மணிக்கட்டைத் தளர்த்தி, கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் முன்கையைச் சுழற்றுங்கள். மெட்ரோனோமில் அரை ஸ்வரத்துக்கு (ஹாஃப் நோட்) 80-இல் தொடங்கி, நான்கு நான்காக ஏற்றலாம். வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

அலெக்ரோவின் இரண்டாம் கருவில் (தீம்) வலது கை இடது கையைத் தாண்டி பாஸுக்குப் பாயும். அந்தத் தாவலை மட்டும் தனியே, கட்டையை அழுத்தாமல் தொட்டுப் பழகுங்கள்.