4625 கிலோஹெர்ட்ஸைக் கேட்க ட்வென்டே வெப்எஸ்டிஆர்

4625 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் கரகரக்கும் ரஷ்யாவின் ‘பஸ்ஸர்’ போன்ற மர்ம ஒலிபரப்புகளைக் கேட்கச் சிற்றலை ரேடியோ வாங்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகக் கூரையில் நிற்கும் மினி-விப் ஆன்டெனா, 0 முதல் 29.16 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தத்தையும் பிடிக்கிறது; அதை வெப்எஸ்டிஆர் என்ற இணையவழி ரேடியோவாக உலாவியிலேயே கேட்கலாம். காசும் கிடையாது, கணக்கும் தொடங்க வேண்டாம். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஆளுக்கோர் அலைவரிசையில் இருக்கலாம்.

அலைவரிசைக் கட்டத்தில் 4625 என்று தட்டி, யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) முறையைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். பஸ்ஸர் மேல் பக்கப்பட்டையில் மட்டுமே பேசுகிறது. எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) போட்டால் வெறும் இரைச்சல். ஏஎம்மிலும் கேட்கும், ஆனால் கீழ்ப் பக்கப்பட்டையில் இருக்கும் இடையூறுகளும் கூடவே வந்துவிடும்.

நிமிடத்துக்குச் சுமார் 25 முறை அடிக்கும் அந்தக் கரகரப்பு சட்டென்று நின்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ‘நிக்கோலாய், ஷென்யா, தத்யானா, இவான்’ என்று, எழுத்துக்கொரு பெயராக, நிலையத்தின் அழைப்புக்குறியைச் சொல்வார்கள். 2020 டிசம்பர் இறுதியிலிருந்து புழங்கும் குறி இது. பிறகு ஐந்து இலக்க எண், ஒரு ரஷ்யச் சொல், இரண்டிரண்டாக எட்டு இலக்கங்கள். அவ்வளவுதான் செய்தி, மொழி தெரியாவிட்டாலும் ரஷ்ய எண்களை மனப்பாடம் செய்தால் எழுதிவிடலாம்.

நேரம் முக்கியம். பகலில் வளிமண்டலத்தின் மேற்பகுதியான அயனிமண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைவரிசையை விழுங்கிவிடும். இருட்டு வேண்டியது ஐரோப்பாவில், நம் வீட்டில் அல்ல: குளிர்காலத்தில் நம் நேரம் இரவு 9 மணிக்கே சிக்னல் ஏறத் தொடங்கும், கோடையில் நள்ளிரவு தாண்ட வேண்டும். இதன் உறவுக்கார நிலையமான ‘பிப்’ பகலில் 5448, இரவில் 3756 என்று இடம் மாறுவதும் இதற்காகத்தான்.

ஒலிப்பதிவு வசதி உண்டு. பொத்தானை அழுத்திய நொடியிலிருந்துதான் பதிவாகும், முன்னால் போனது போனதுதான். ஆகவே உட்கார்ந்ததுமே பதிவைத் தொடங்கிவிடுங்கள். சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்தால், சீரான பஸ்ஸர் கோடுகள் குலைவது கண்ணுக்கே தெரியும். ஆட்டோநாட்ச் என்ற வடிகட்டி அணைந்திருக்கட்டும், மோர்ஸ் போன்ற ஒற்றைத் தொனிகளை அது இடையூறு என்று வெட்டிவிடும்.

குறை என்றால் இடம்தான். ரஷ்ய நிலையங்களுக்கு இதைவிட வசதியான இருக்கை கிடைப்பது அரிது. ஆனால் ஸ்பானிஷ் எண்களும் டேட்டா இரைச்சலும் மாறிமாறி வரும் கியூபாவின் எச்எம்01 நிலையத்துக்கு அட்லாண்டிக் குறுக்கே நிற்கிறது. அதற்கு அமெரிக்கப் பக்கத்துக் கிவிஎஸ்டிஆர் (இதே போன்ற இன்னொரு வகை இணையவழி ரேடியோ) ஒன்றைத் திறந்து ஏஎம்மில் கேளுங்கள். கிவியில் ஒரு சிலருக்குத்தான் இடம், நேரக் கட்டுப்பாடும் இருக்கலாம்.