அந்தமான் சாப்பாட்டுப் பேக்கேஜ்: 21,200 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

நீலகிரி மலையிலிருந்து அந்தமான் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள். ரூம், கப்பல் டிக்கெட், ஏர்போர்ட் வண்டி எல்லாம் சொன்னபடி வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். போனது சாப்பாட்டுக்கென்று தனியாக வாங்கிய 21,200 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு கைப்பிடி சோறு வரவில்லை. திரும்பி வந்து நாலு நாள்தான் ஆகிறது, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எந்த இடத்தில் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று முழுசாகச் சொல்லி, கடைசியில் தப்பிக்கப் பத்து யோசனையும் தருகிறேன்.

கடைப் பெயர் போடவில்லை. குன்னூரில் மாடிப்படி ஏறிப் போகிற டூர் புக்கிங் கடைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் கடல் படம், உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பேச்சில் தேன் ஒழுகும் ஒரு தம்பி.

அவன் போட்ட கணக்கு இது. இரவுச் சாப்பாடு தலைக்கு 700, நாலு பேர், 5 இரவு, ஆக 14,000. ஹேவ்லாக் தீவில் ஒரு 'சீஃபுட் நைட்', தலைக்கு 1,800, ஆக 7,200. மொத்தம் 21,200. கவனித்தீர்களா? சீஃபுட் நைட் நடக்கிற அன்றைக்கும் சாதாரணச் சாப்பாட்டுக்கு 2,800 சேர்த்தே கூட்டியிருக்கிறான். ஒரே ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு இரண்டு சாப்பாடு. கல்யாணச் சமையலுக்கு இலைக் கணக்குப் போட்டே காலம் தள்ளுகிற எனக்கு அது அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டீ வரவழைத்தான். எந்த ஊர் என்று கேட்டான். அடுத்த ஊரில்தான் அவன் அம்மா வீடாம். "நம்ம ஆளுங்ககிட்ட காசு பார்ப்பேனாக்கா? அங்க போய் சாப்பாட்டுக்குன்னு ஒரு ரூபா பர்ஸ்ல இருந்து எடுக்க வேண்டாம்" என்றான். ஒரு சீட்டின் பின்பக்கம் பேனாவால் 'டின்னர் 5, சீஃபுட் 1' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஏமாந்தது. சீசனில் மேலே வருகிற டூரிஸ்டுகளிடம் 'ஒரிஜினல் தைலம்' விற்கிறவர்கள் பேசுகிற அதே பேச்சு. அதைத் தினம் கேட்கிற காதுக்கே புரியவில்லை.

பேக்கேஜ் பணம் கடையின் கணக்குக்குப் போனது, அதற்குப் பில் உண்டு. சாப்பாட்டுப் பணத்தை மட்டும் வேறு ஒரு தனியாள் பெயரில் இருந்த யூபிஐக்குப் போடச் சொன்னான். "ஃபுட்டுக்குத் தனி அக்கவுண்ட் க்கா, உங்களுக்கு டாக்ஸ் மிச்சம்." அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இனி தொழில் விஷயம். ஹோட்டல்காரர்களிடம் சாப்பாட்டுக்கு நாலு குறியீடு உண்டு. இ.பி. என்றால் ரூம் மட்டும். சி.பி. என்றால் காலை டிபன் சேர்த்தி. எம்.ஏ.பி. என்றால் காலை டிபனோடு இன்னொரு வேளை, பெரும்பாலும் இரவு. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த வவுச்சரில் பெரிதாக எம்.ஏ.பி. என்று இருந்தது. ஆனால் அது இவன் கடை லெட்டர்பேடில் இவனே அடித்துக்கொண்ட காகிதம். ஹோட்டலின் புக்கிங்கில் இருந்தது சி.பி. இங்கே கடைக்காரன், நடுவில் போர்ட் பிளேரில் ஒரு லேண்ட் ஆபரேட்டர் (அங்கே ரூம், வண்டி எல்லாம் ஏற்பாடு பண்ணுகிறவர்), அதற்கப்புறம்தான் ஹோட்டல். நீங்கள் கட்டிய சாப்பாட்டுக் காசு இரண்டாவது ஆளிடமே போகவில்லை என்றால் மூன்றாவது ஆளுக்கு எப்படித் தெரியும்?

நிஜமாகவே எம்.ஏ.பி. என்றாலும் இரவுக்கு என்ன வரும் என்பதையும் கேட்டு வையுங்கள். ரூம்கள் நிறைந்திருந்தால் பஃபே போடுவார்கள். ஜூன் மாதிரி மழை மாதத்தில் நாலு ரூம்தான் ஓடுகிறது என்றால் செட் மெனுதான்: ரொட்டி, சோறு, பருப்பு, ஒரு காய், ஒரு சிக்கன். சிங்கி (லாப்ஸ்டர்), நண்டு, பெரிய இறால் எந்த மீல் பிளானிலும் சேராது, தனிக் காசு.

முதல் இரவு போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) சாப்பாடு கேட்காமலே மேஜைக்கு வந்தது. நிம்மதி. மறுநாள் விடியற்காலை ஹேவ்லாக் கப்பலுக்குக் கிளம்பும்போது ரிசப்ஷனில் 2,940 ரூபாய் பில் நீட்டினார்கள். 2,800 சாப்பாடு, 140 ஜிஎஸ்டி. கப்பலுக்கு முன்னாடியே போய்ப் பெட்டியை ஸ்கேன் பண்ணி, அடையாள அட்டை காட்டி நிற்க வேண்டும். அந்த அவசரத்தில் யார் சண்டை போடுவார்கள்? கட்டிவிட்டு வண்டி ஏறியாகிவிட்டது. வண்டி ஓட்டிய தம்பி போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். அவன்தான் சொன்னான்: "அக்கா, செக்-இன் பண்றப்பவே என்ன பிளான்னு கேட்டு எழுதி வாங்கிக்கணும். செக்-அவுட்ல கேட்டா காசு கட்டாம விடமாட்டாங்க."

இப்போது அந்த சீஃபுட் நைட். முதலில் தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடல் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மத்திய அரசின் உத்தரவில் அந்தமானும் இதில் சேர்த்திதான். நாட்டுப் படகு மட்டும் போகலாம். எங்கள் பயணம் ஜூன் முதல் வாரம். அந்த நாளில் 'கடலில் இருந்து நேரே தட்டுக்கு' என்று ஒருவன் சொன்னால், அது சிறு படகில் வந்த கொஞ்சமாக இருக்கலாம், இல்லை ஃப்ரீசரில் கிடந்ததாக இருக்கலாம். மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி வரும் ஐஸ் பெட்டி மீனை வருஷம் பூரா பார்த்துத் தள்ளுகிறவர்களுக்கே இது அப்போது ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

ஆபரேட்டர் ஆள் போனில் ஒரு கடற்கரைச் சாப்பாட்டுக் கடையைச் சொல்லி, "பில் எங்க கணக்குல வரும்" என்றான். கடையில் விலைப் பட்டியலே இல்லை, 'மார்க்கெட் ரேட்' என்று எழுதியிருந்தது. உயிரோடிருந்த சிங்கி இறாலை எடுத்துத் தராசில் வைத்துக் காட்டினார்கள். 1.420 கிலோ, கிலோ 3,200 என்று 4,544 ரூபாய். தராசில் ஈரம் சொட்டும் பிளாஸ்டிக் கூடையோடு வைத்தார்கள். கூடையை முதலில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கவில்லை. கூடையும் தண்ணீரும் சேர்ந்தால் எவ்வளவு கூடும் என்று சமையல் கட்டில் நிற்கிற யாரிடமும் கேளுங்கள்.

சிங்கியில் பெரிய கொடுக்கு கிடையாது, சதை எல்லாம் வாலில்தான். முழு எடையில் வால் மூன்றில் ஒரு பங்கு, ஓட்டோடு சேர்த்து. 1.420 கிலோ என்றால் வால் ஓட்டோடு 450 கிராமாவது வர வேண்டும். தட்டில் வந்த இரண்டு பாதியும் ஓட்டோடு 300 கிராம் தாண்டாது. வால் நேராகக் கிடந்தது. உயிரோடு வெந்த சிங்கி வாலை உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். செத்துக் கிடந்து அப்புறம் வெந்தால் தளர்ந்து நீட்டிக்கொண்டு கிடக்கும். சதையும் மாவு மாதிரி உதிர்ந்தது. சிங்கி செத்ததும் அதன் ஈரலில் இருக்கிற செரிமானச் சாறு அதன் சதையையே கரைக்க ஆரம்பித்துவிடும், அதனால்தான் சதை அப்படி ஆனது. ஆக, காட்டியது ஒன்று, வந்தது இன்னொன்று. இதற்கு ஒரு சின்ன வழி உண்டு: தேர்ந்தெடுத்த சிங்கியின் மீசை நுனியை அங்கேயே கிள்ளிவிட்டு ஒரு போட்டோ எடுங்கள். தலையோடு பரிமாறச் சொல்லுங்கள். மீசை பொருந்தவில்லை என்றால் காசு கொடுக்காதீர்கள்.

'வஞ்சிரம் ஃப்ரை' என்று தட்டு 450 ரூபாய்க்கு இரண்டு. வஞ்சிரம் வெளிர்ச் சதை, வட்டத் துண்டு, நடுவில் ஒற்றை முள். வந்தது கறுத்த சதை, சூரை (டூனா). அந்தமானில் சூரை நல்ல மீன்தான், குறை இல்லை. ஆனால் பிடித்த உடனே ஐஸ் போடாவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்கிற நச்சுப்பொருள் ஏறும், எவ்வளவு வறுத்தாலும் போகாது. கடித்ததும் நாக்கில் மிளகு மாதிரிச் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள், முகம் சிவந்து தலை வலிக்கும். எங்களுக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

பில்: சிங்கி 4,544, மீன் 900, சோறு பருப்பு ரொட்டி தண்ணீர் 856, ஆக 6,300. அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 630. இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் 7,277. ஆபரேட்டர் கணக்கா? "அப்படி யாரும் சொல்லலையே" என்றார் கல்லாவில் இருந்தவர். ஆபரேட்டர் போன் சுவிட்ச் ஆஃப். அந்த ஒரு ராத்திரிக்கு எங்கள் கையிலிருந்து போனது: முன்பே கட்டிய 2,800, 7,200, இப்போது 7,277. மொத்தம் 17,277 ரூபாய், நாலு பேருக்கு, உதிர்ந்த சிங்கிக்கு.

அந்த பில் கையால் எழுதியது, ஜிஎஸ்டி எண் கிடையாது. எண் இல்லாத கடை ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜும் கட்டாயமில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. எடுங்கள் என்று சொன்னால் எடுத்தாக வேண்டும். சொன்னேன். "தீவு, மேடம், இங்க ரூல் வேற" என்றார்கள். ரூல் எல்லாம் ஒன்றுதான்.

மறுநாள் ஹேவ்லாக் பஜாரில் ஒரு பெங்காலி சாப்பாட்டுக் கடை. நாட்டுப் பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் அது, கடுகு அரைத்துவிட்ட மீன் குழம்பு அவர்கள் கைப்பக்குவம். நாலு மீன் சாப்பாடு 960 ரூபாய். கடுகு எண்ணெய் வாசம் முதல் வாய்க்குக் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, இரண்டாவது வாயில் சரியாகிவிட்டது. பயணத்திலேயே உருப்படியான சாப்பாடு அதுதான். அதுவும் எங்கள் காசில். நீல் தீவிலும், கடைசி இரவு போர்ட் பிளேரிலும் அதே பதில்: "உங்களுக்கு சி.பி.தான்."

குன்னூர்க் கடைத் தம்பிக்குப் போன் போட்ட கதையைச் சொல்கிறேன். ஹேவ்லாக்கில் இருந்து: "மழைல டவர் இல்லீங்கக்கா, ஆபரேட்டர் லைன்ல வரல." நீலில் இருந்து: "நீங்க கட்டிருங்க, பில்ல மட்டும் பத்திரமா வச்சுக்குங்க, ஊருக்கு வந்ததும் செட்டில் பண்ணிடலாம்." ஊருக்கு வந்ததும்: "ஓனர் ஊட்டி போயிருக்கார், திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை ஓனர் இருந்தார். "அந்த யூபிஐ எங்களுது இல்லையே, பையன்கிட்ட கேளுங்க." பையன்: "ஆபரேட்டர் எனக்கே தரணும்க்கா." கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினேன். "இது எஸ்டிமேட்க்கா" என்றான். எஸ்டிமேட்டாம். கடைசியாக ஓனர் பெரிய மனசு பண்ணி, அடுத்த கோவா பேக்கேஜில் 2,000 தள்ளுபடி தருவதாகச் சொன்னார். 21,200 எங்கே, 2,000 எங்கே. அதுவும் இவரிடமே இன்னொரு தடவை பணம் கட்டினால்.

பத்து யோசனை என்றேன், எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டவே கட்டாதீர்கள், சி.பி.யில் ரூம் எடுங்கள், இரவுக்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஹோட்டலுக்கு நீங்களே போன் போட்டு புக்கிங் எண்ணும் மீல் பிளானும் கேட்டு, ஹோட்டல் மெயிலிலிருந்தே எழுத்தில் வாங்குங்கள்.

தனியாள் யூபிஐ கேட்டால் எழுந்து வாருங்கள். கிரெடிட் கார்டு என்றால் வங்கியில் தகராறு எழுப்பிப் பணத்தைத் திருப்பக் கேட்கவாவது வழி உண்டு, நாமே அனுப்பிய யூபிஐக்கு அது இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்தாயிற்று, எண் வந்திருக்கிறது. அங்கே முடியவில்லை என்றால் ஊட்டி நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். சீட்டு, வவுச்சர், யூபிஐ ரசீது, மூன்று பில்லும் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இதே கடையில் சாப்பாட்டுக்குக் கட்டி ஏமாந்தவர்கள் நீலகிரியில் வேறு யாராவது இருந்தால் உங்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.